நாலு இருபது பஸ்ஸைக் கொஞ்சம் தள்ளி எடுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சாயங்காலம் நாலரை மணிவாக்கில் தஞ்சாவூர் வல்லம் சாலையிலோ கும்பகோணம் பக்கமோ கொஞ்ச நேரம் நின்றால், கல்லூரிப் பேருந்துகள் ஒன்றன்பின் ஒன்றாகப் போவதைப் பார்க்கலாம். முன் கண்ணாடியில் பட்டுக்கோட்டை, மன்னார்குடி, வலங்கைமான், மயிலாடுதுறை என்று அட்டை இருக்கும். உள்ளே பாதிப் பிள்ளைகள் தூக்கத்தில், மீதிப் பிள்ளைகள் போனில். எனக்குத் தெரிந்த கல்லூரிகளில் கடைசி வகுப்பு முடிவதற்கும் பஸ் கிளம்புவதற்கும் நடுவில் பத்து நிமிஷம், மிஞ்சினால் கால் மணி நேரம். பையை எடுத்து, தண்ணி குடித்து, சீட் பிடித்து உட்காரவே அது சரியாக இருக்கும். தொழிற்கல்லூரிகளில் பிள்ளைகள் ஒருத்தரோடு ஒருத்தர் பழகுவதைப் பற்றித்தான் எழுத உட்கார்ந்தேன், இந்தப் பத்து நிமிஷத்திலிருந்தே ஆரம்பிக்கலாம் என்று தோன்றியது.

நான் எண்பதுகளில் வேளாண்மை படித்து, துறையில் சேர்ந்து, டெல்டாவிலேயே பல வட்டாரங்களில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். மகள் கால்நடை மருத்துவம் படிக்கிறாள், அண்ணன் மகள் பொறியியல், மைத்துனர் மகன் சட்டம். பொங்கலுக்கு எல்லோரும் கூடினால் மூன்று கல்லூரிக் கதையும் காதில் விழும். கேட்கக் கேட்க எனக்கு ஒன்று புரிந்தது: பாடம் நடக்கிறது, தேர்வு நடக்கிறது, லேப் கூடப் பரவாயில்லை, ஆனால் கூடப் படிக்கிறவர்கள் யார் என்பதே இவர்களில் பாதிப் பேருக்குத் தெரியவில்லை.

தெரியாவிட்டால் என்ன குடி முழுகிப் போகிறது என்று கேட்கலாம். கலைக் கல்லூரியை விடத் தொழிற்கல்லூரியில் இது பெரிய நஷ்டம் என்பது என் கட்சி, ஏனென்றால் மருத்துவமோ வேளாண்மையோ சட்டமோ படித்து வெளியே வருகிறவன் அடுத்த முப்பது வருஷம் அதே வகுப்பில் இருந்தவர்களோடுதான் தொழில் பண்ணப் போகிறான். நான் வேலைக்குச் சேர்ந்த புதிதில் ஒரு சம்பா பட்டத்தில், வயல் வயலாகப் பயிர் மஞ்சள் அடித்துக்கொண்டு வந்தது. துத்தநாகச் சத்துக் குறையா, பச்சைத் தத்துப்பூச்சி பரப்பும் துங்ரோ வைரஸ் நோயா என்று என்னால் சட்டென்று சொல்ல முடியவில்லை, விவசாயிகளோ வரப்பில் நின்று என் முகத்தையே பார்க்கிறார்கள். ஆடுதுறை ஆராய்ச்சி நிலையத்தில் என் வகுப்புத் தோழன் ஒருவன் இருந்தான். எஸ்டிடி பூத்திலிருந்து கூப்பிட்டேன். "டேய், பச்சைத் தத்துப்பூச்சி இருக்கான்னு மொதல்ல பாரு, மஞ்சள் வயல் முழுக்கப் பரவியிருக்கா, திட்டுத் திட்டா இருக்கா சொல்லு" என்றான். அந்த ஒரு போன் பேச்சில் நான் கற்றது எந்தப் பயிற்சி வகுப்பிலும் சொல்லித் தரவில்லை. மேலதிகாரியிடம் கேட்டிருந்தால் "இதுகூடத் தெரியாதா" என்று ஒரு பார்வை கிடைத்திருக்கும். தோழனிடம் வெட்கமில்லாமல் கேட்கலாம், அவனும் வெட்கமில்லாமல் என்னைக் கேட்டிருக்கிறான். ஆரம்ப சுகாதார நிலையத்தில் தனியாக நைட் டியூட்டி பார்க்கிற இளம் டாக்டரும், மூன்று ஊராட்சிக்கு ஒரே ஆளாக அலைகிற கால்நடை மருத்துவரும், முதல் வக்காலத்தைத் தாக்கல் செய்கிற வக்கீலும் இப்படி யாரையாவது கூப்பிட வேண்டியவர்கள்தான். கூப்பிட ஆள் இருக்க வேண்டுமென்றால் படிக்கும்போதே பழகியிருக்க வேண்டும்.

எங்கள் அண்ணன் மகள் சொன்னது: "சித்தப்பா, கிளாஸ்ல அறுபது பேரு, எனக்கு நல்லாத் தெரிஞ்சது நீடாமங்கலம் பஸ்ல வர்றவங்கதான்." யோசித்துப் பார்த்தால் வேறு எப்படி இருக்கும்? காலையில் ஒன்றேகால் மணி நேரம், சாயங்காலம் ஒன்றேகால் மணி நேரம் ஒரே பஸ்ஸில் உட்கார்ந்து வருகிறார்கள். அதே வகுப்பில் அடுத்த பெஞ்சில் இருக்கிற, பாபநாசம் பஸ்ஸில் ஏறுகிற பெண்ணோடு பேச நேரமே கிடையாது. வகுப்பு நேரத்தில் பேசினால் திட்டு, மதிய இடைவேளை முக்கால் மணி நேரம், அதிலும் பாதி கை கழுவும் வரிசையில் போய்விடும். விடுதிப் பிள்ளைகளுக்கு அவர்களுக்குள் ஒரு உலகம், பஸ் பிள்ளைகளுக்கு ரூட்டுக்கு ஒரு உலகம், இரண்டும் சந்திப்பது வாட்ஸ்அப் குரூப்பில் அசைன்மென்ட் கேட்கும்போதுதான்.

பஸ்ஸை ஏன் நாலு இருபதுக்கே எடுக்கிறார்கள் என்பதற்குக் காரணம் இல்லாமல் இல்லை. டிரைவர் காலை ஆறு மணிக்கு வண்டியை எடுத்தவர். ஐப்பசி கார்த்திகையில் மழை பிடித்துக்கொண்டால் ஐந்தரைக்கே இருட்டிவிடும், பெண் பிள்ளை கடைசி ஸ்டாப்பில் இறங்கி வாய்க்கால் கரையோடு நடந்து வீட்டுக்குப் போக வேண்டும், பெற்றவர்களுக்கு வயிற்றில் நெருப்பு. எல்லாம் சரி. ஆனால் வாரத்தில் இரண்டே நாள், எல்லா ரூட்டுக்கும் வேண்டாம், பெரிய ரூட்டுகளுக்கு மட்டும், ஆறு மணிக்கு ஒரு பஸ் விட முடியாதா? நாங்கள் வருஷத்துக்கு மொத்தமாகக் கட்டும் பஸ் கட்டணத்தில் அந்த டீசலுக்கு இடம் இல்லையென்று யாராவது கணக்குப் போட்டுக் காட்டினால் ஒத்துக்கொள்கிறேன். இருக்கிற அந்த ஒன்றரை மணி நேரத்தில் கல்லூரி எதுவும் "நடத்த" வேண்டாம். மைதானத்தைத் திறந்து வையுங்கள், நூலகத்தைத் திறந்து வையுங்கள், கேன்டீனில் டீ போடச் சொல்லுங்கள், போதும். சும்மா உட்கார்ந்து பேசுகிறதற்கு அனுமதி கொடுப்பதுதான் இங்கே பெரிய சீர்திருத்தம்.

இன்றைக்கு வகுப்பில் உட்கார்ந்திருப்பது யார் என்பதையும் பார்க்க வேண்டும். 2020-ல் மருத்துவத்துக்கு வந்த அரசுப் பள்ளி மாணவர்களுக்கான 7.5 சதவீத உள் ஒதுக்கீடு, 2021-ல் பொறியியல், வேளாண்மை, கால்நடை மருத்துவம், மீன்வளம், சட்டம் எல்லாவற்றுக்கும் வந்துவிட்டது, கட்டணத்தையும் அரசே கட்டுகிறது. நல்ல திட்டம், இதில் எனக்கு இரண்டாவது கருத்தே கிடையாது. வேதாரண்யத்திலிருந்தும் முத்துப்பேட்டையிலிருந்தும் தமிழ் வழியில் படித்த பிள்ளைகள், வீட்டில் முதல் பட்டதாரிகள், நேராக ஒரு மருத்துவக் கல்லூரி லெக்சர் ஹாலில் போய் உட்காருகிறார்கள். இன்னொரு பக்கம், அரசு மருத்துவக் கல்லூரிகளில் 15 சதவீத இடம் அகில இந்திய ஒதுக்கீட்டுக்குப் போகிறது, அதில் வருகிறவர்களில் தமிழே தெரியாத பிள்ளைகள் உண்டு. ஒருத்தருக்குப் புத்தகத்தின் ஆங்கிலம் தகராறு, இன்னொருத்தருக்கு நோயாளி பேசுவது புரியாது. இந்த இரண்டு பேரையும் ஒரே யூனிட்டில் போட்டு, நோயாளியிடம் நோய் விவரம் கேட்டு எழுதுகிற ஹிஸ்டரியை ஒன்றாக எடுக்கச் சொன்னால் இரண்டு பேரும் பிழைத்துக்கொள்வார்கள். ரோல் நம்பர் வரிசையில் போட்டால் யாரோடு யார் விழுவார்கள் என்பது அதிர்ஷ்டம்தான். கல்விக் கட்டணத்தை அரசு கட்டலாம், பக்கத்தில் உட்கார்ந்து சந்தேகம் சொல்லித் தருகிற ஆளை அரசு அனுப்ப முடியாது, அதைக் கல்லூரிதான் பார்க்க வேண்டும்.

தேசிய மருத்துவ ஆணையம் அமைத்த பணிக்குழு 2024-ல் ஒரு அறிக்கை கொடுத்தது. 25 ஆயிரத்துக்கும் அதிகமான எம்பிபிஎஸ் மாணவர்கள் இணையவழிக் கணக்கெடுப்பில் பதில் சொல்லியிருந்தார்கள். அதில் 35 சதவீதம் பேர் எப்போதும் அல்லது அடிக்கடி தனிமையாக உணர்வதாகச் சொல்லியிருக்கிறார்கள். நூறு பேர் வகுப்பில் முப்பத்தைந்து பேர். விடுதி, மெஸ், வார்டு என்று இருபத்து நான்கு மணி நேரமும் ஆட்களுக்கு நடுவில் இருக்கிற பிள்ளைகள் இவர்கள். இதைப் படித்துவிட்டு எல்லாக் கல்லூரியிலும் கவுன்சலிங் அறை திறக்கிறார்கள், அதுவும் தேவைதான், ஆனால் முப்பத்தைந்து பேரும் அந்த அறை வாசலில் வந்து நிற்கப் போவதில்லை. போனால் யாராவது பார்த்துவிடுவார்களோ என்று பயந்து அந்தப் பக்கமே போகாதவர்கள்தான் அதிகம்.

அடுத்தது கொஞ்சம் சங்கடமான விஷயம். சீனியர், ஜூனியர் என்கிற தொடர்பு ஏறக்குறைய அறுந்துவிட்டது, அது அறுந்ததற்கு நியாயமான காரணமும் இருக்கிறது. 1996-ல் சிதம்பரத்தில் முதலாண்டு மருத்துவ மாணவர் ஒருவர் கொலை செய்யப்பட்டதை எங்கள் தலைமுறை மறக்காது. அதற்கடுத்த ஆண்டே தமிழ்நாட்டில் ராகிங் தடைச் சட்டம் வந்தது. ராகிங்கை "ஜாலி" என்றும் "பழகுவதற்கு ஒரு வழி" என்றும் பேசுகிற பழைய மாணவர்கள் இன்னும் இருக்கிறார்கள், அவர்களோடு எனக்கு ஒட்டும் இல்லை உறவும் இல்லை. முதலாண்டுப் பிள்ளைகளுக்குத் தனி விடுதி, தனி சாப்பாட்டு நேரம், வாசலில் காவல் எல்லாம் இருக்கட்டும்.

ஆனால் பல்கலைக்கழக மானியக் குழுவின் 2009-ம் ஆண்டு ராகிங் தடுப்பு விதிமுறையை முழுசாகப் படித்தவர்கள் எத்தனை பேர்? நான் மகளைச் சேர்க்கும்போது உறுதிமொழிப் படிவத்தில் கையெழுத்துப் போட்ட கையோடு உட்கார்ந்து படித்தேன் (ஓய்வு பெற்றவனுக்கு வேறு என்ன வேலை). அதில் தடை மட்டும் இல்லை. ஆறு புது மாணவர்களுக்கு ஒரு மூத்த மாணவர் வழிகாட்டியாக இருக்க வேண்டும், அப்படி ஆறு வழிகாட்டிகளுக்கு அடுத்த மேல் ஆண்டு மாணவர் ஒருவர் என்று படிப்படியாகக் கட்டச் சொல்கிறது. புதியவர்களைச் சிறு குழுக்களாகப் பிரித்து ஒவ்வொரு குழுவுக்கும் ஒரு ஆசிரியரைப் பொறுப்பாக்கச் சொல்கிறது. ஆசிரியர்கள் விடுதிக்குப் போய் மாணவர்களோடு உட்கார்ந்து சாப்பிட வேண்டும் என்றுகூட இருக்கிறது. அதாவது பிரித்து வை என்று சொன்ன அதே விதிமுறை, பாதுகாப்பாகச் சேர்த்தும் வை என்று சொல்கிறது. நம் கல்லூரிகள் முதல் பாதியை மட்டும் எடுத்துக்கொண்டன. ராகிங் தடுப்புக் கமிட்டி உறுப்பினர் பெயர்ப் பலகை கேட்டிலேயே இருக்கிறது. மகளிடம் "உன் வழிகாட்டி சீனியர் யாரும்மா" என்று கேட்டேன், "அப்படின்னா என்னப்பா?" என்று திருப்பிக் கேட்டாள். பொறியியல் கல்லூரிகளுக்கு அகில இந்தியத் தொழில்நுட்பக் கல்விக் குழு (ஏஐசிடிஇ) சொன்ன அறிமுகப் பயிற்சி மூன்று வாரம், அதில் விளையாட்டு, கலை, சுற்று வட்டாரத்தைப் பார்ப்பது எல்லாம் உண்டு. எங்கள் அண்ணன் மகளுக்கு அது மூன்று நாளில் முடிந்தது, அந்த மூன்று நாளும் ஏசி ஹாலில் சொற்பொழிவு. கல்லணையும் பெரிய கோயிலும் சரஸ்வதி மகாலும் பஸ் போகிற தூரத்தில் இருக்கும்போது, வெளி மாவட்டத்திலிருந்து வந்த பிள்ளைகளை மூன்று நாள் நாற்காலியில் கட்டிப் போடுவானேன்?

சீனியர் தொடர்பு இல்லாத இடத்தில் வெற்றிடம் அப்படியே இருந்துவிடாது, அங்கே சாதி வந்து உட்காரும். இதை நாசூக்காகச் சொல்லிவிட்டுப் போக எனக்கு விருப்பம் இல்லை. புதிதாக வருகிற பையனிடம் முதலில் ஊர் கேட்பார்கள், அப்புறம் தெரு கேட்பார்கள், அப்புறம் "நம்மாளு" என்று முடிவு செய்து தங்கள் அறைக்குக் கூட்டிப் போவார்கள். பழைய வினாத்தாள், நோட்ஸ், எந்த வாத்தியாரிடம் எப்படிப் பேசணும் என்கிற விவரம், பைக், தேர்தல் நேரத்து ஓட்டு எல்லாம் அந்த அறை வழியாகத்தான் போகும். மாணவர்களிடையே சாதி மோதலைத் தடுக்க அரசு அமைத்த நீதிபதி சந்துரு குழு 2024-ல் கொடுத்த அறிக்கையில், சாதி அடையாளமாக மாணவர்கள் கையில் கட்டும் வண்ணக் கயிறைத் தடை செய்யச் சொன்னது. கயிறை அவிழ்க்கச் சொல்லலாம். ஆனால் நோட்ஸ் எங்கே கிடைக்கும் என்கிற கேள்விக்குக் கல்லூரியே ஒரு பதில் வைக்காதவரை அந்தப் பையன் அந்த அறைக்குத்தான் போவான். அந்த அறைக்குள் நுழைய முடியாத சாதியைச் சேர்ந்த பையனுக்கும் பெண்ணுக்கும் அது கூடக் கிடையாது. துறை நூலகத்தில் பத்து வருஷ வினாத்தாளையும் சீனியர் நோட்ஸையும் எல்லோரும் எடுக்கிற மாதிரி ஒரு அலமாரியில் வைப்பது பார்க்கச் சின்ன வேலைதான். சாதி அறையின் வாடகையில் பாதி அன்றைக்கே போய்விடும்.

சாப்பாட்டைப் பற்றிச் சொல்லாமல் இருக்க முடியாது. எங்கள் காலத்து விடுதியில் டிவைடிங் சிஸ்டம். அரசுக் கல்லூரி விடுதியில் இருந்தவர்களுக்குச் சொன்னதும் புரியும். மெஸ்ஸை மாணவர்களே நடத்துவார்கள், மாதச் செலவை சாப்பிட்டவர் கணக்குக்கு வகுத்து பில் போடுவார்கள். மாதத்துக்கு ஒரு மெஸ் செக்ரட்டரி, அவனோடு இரண்டு பேர். விடிகாலை மார்க்கெட்டுக்குப் போய்க் காய் வாங்க வேண்டும், அரிசி மூட்டை வந்தால் எடை பார்க்க வேண்டும், சமையல் மாஸ்டர் கோபித்துக்கொண்டால் சமாதானம் பண்ண வேண்டும், பில் அஞ்சு ரூபாய் ஏறினால் மொத்த விடுதியும் மேலே விழும், அதற்குப் பதில் சொல்ல வேண்டும். எங்கள் செட்டில் யாரோடும் பேசாத ஒரு பையன் இருந்தான், திருத்துறைப்பூண்டிப் பக்கம். அவன் முறை வந்து செக்ரட்டரி ஆனான். அந்த மாதம் கத்தரிக்காய் விலையிலிருந்து கேஸ் கணக்கு வரை அவன் நோட்டில் எழுதி சுவரில் ஒட்டினான், பில் குறைந்தது, அவ்வளவுதான், அதற்கப்புறம் விடுதியில் அவனைத் தெரியாதவர்கள் கிடையாது. பின்னாளில் ஒரு கூட்டுறவு சங்கத்தையே தூக்கி நிறுத்தியவன் அவன். கணக்கும் நிர்வாகமும் அவனுக்கு வகுப்பில் வந்ததா மெஸ்ஸில் வந்ததா என்று அவனையே கேட்டால் சிரிப்பான்.

இப்போது பல இடங்களில் கான்ட்ராக்டர். தட்டை நீட்டினால் விழும், பிடிக்காவிட்டால் ஸ்விகியில் ஆர்டர். சண்டை இல்லை, பொறுப்பும் இல்லை. முழுசாக மாணவர்கள் கையில் கொடுக்கச் சொல்லவில்லை, முந்நூறு பேர் விடுதி இப்போது ஆயிரம் பேர் ஆகிவிட்டது, உணவுப் பாதுகாப்பு விதிகளும் வந்துவிட்டன. காய்கறி கொள்முதலை மட்டுமாவது ஒரு மாணவர் குழு பார்க்கட்டுமே. கும்பகோணம் சுற்று வட்டாரக் கல்லூரிக்குத் தாராசுரம் மார்க்கெட் பக்கத்தில்தான். வேளாண்மை படிக்கிற பிள்ளைகள் என்றால் அங்கே ஏலம் நடப்பதைப் பார்ப்பதே ஒரு பாடம்.

பெண்கள் விடுதி கேட் நேரத்துக்கு வருகிறேன். ஆண்கள் விடுதிக்கு ஒன்பது மணி, பெண்கள் விடுதிக்கு ஆறு, ஆறரை. ஏன் என்று கேட்டால் பாதுகாப்பு. வளாகத்துக்குள் இருக்கிற நூலகத்துக்கும் விடுதிக்கும் நடுவில் முந்நூறு மீட்டர் தூரம், அந்த முந்நூறு மீட்டரில் விளக்குப் போட்டு ஒரு காவலரை நிறுத்த முடியாத நிர்வாகமா அந்தப் பிள்ளைகளை ஐந்து வருஷம் பாதுகாக்கப் போகிறது? குரூப் புராஜெக்ட், மூட் கோர்ட் என்கிற மாதிரி நீதிமன்றப் பயிற்சி, வினாடி வினா அணி எல்லாம் சாயங்காலம் ஆறு மணிக்கு மேல்தான் சூடு பிடிக்கும். அந்த நேரத்தில் பெண்கள் கிளம்பிவிடுவார்கள், மறுநாள் வந்து "நேத்து என்ன முடிவு பண்ணீங்க" என்று கேட்டுத் தெரிந்துகொள்வார்கள். மைத்துனர் மகன் இதைச் சொன்னபோது அவனுக்கே அது விசித்திரமாகப் படவில்லை, அதுதான் எனக்கு உறைத்தது. இன்றைக்குப் பல வகுப்புகளில் பெண்கள்தான் பாதிக்கு மேல்.

கல்சுரல்ஸ், ஸ்போர்ட்ஸ் டே, சினிமா நடிகரைக் கூப்பிட்டு நடத்துகிற ஆண்டு விழா இதெல்லாம் உண்டே என்பார்கள். உண்டு. நன்றாகத்தான் இருக்கும். மேடையில் இருபது பேர், கீழே ஆயிரத்தைந்நூறு பேர், விசில் அடித்துவிட்டு அவரவர் பஸ்ஸுக்குப் போய்விடுவார்கள். சிதம்பரம் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்துக்கு, எத்தனை குறை சொன்னாலும், ஒரு பலம் உண்டு. 1929-ல் ஆரம்பிக்கும்போதே அங்கேயே தங்கிப் படிக்கிற பல்கலைக்கழகமாகக் கட்டினார்கள், ஊரின் பெயரே அண்ணாமலை நகர் ஆகிவிட்டது. மருத்துவமும் வேளாண்மையும் பொறியியலும் இசையும் ஒரே வளாகத்தில். வேளாண்மை படிக்கிறவன் டீக்கடையில் மிருதங்கம் படிக்கிறவனோடு உட்கார்ந்திருப்பான். இப்போது வருகிற கல்லூரிகளை எல்லாம் ஊருக்கு வெளியே, பைபாஸ் ஓரத்தில், நாலு பக்கமும் மதில் வைத்துத் தனித்தனியாகக் கட்டுகிறோம். நிலம் அங்கேதான் கிடைக்கிறது, அதற்கு யாரும் ஒன்றும் செய்ய முடியாது. ஒரே மாவட்டத்தில் இருக்கிற மருத்துவ, வேளாண், கால்நடை, சட்ட மாணவர்கள் வருஷத்துக்கு ஒரு தடவையாவது ஒரு கிராமத்தில் ஒன்றாக முகாம் போட முடியும், அதைச் செய்யலாம். மாட்டுக்குக் கோமாரி, மனுசனுக்குச் சர்க்கரை, நிலத்துக்குப் பட்டா தகராறு, மூன்றும் ஒரே வீட்டில்தான் இருக்கின்றன.

கிராமம் என்றதும் இன்னொன்று. வேளாண் மாணவர்கள் இறுதியாண்டில் கிராமத் தங்கல் திட்டத்தில் ஊர்களில் தங்குகிறார்கள். கோயில் வாசலில் கோலமாவும் கலர்ப் பொடியும் வைத்து ஊர் வரைபடம் போடுவார்கள், அதை நான் ரசித்துப் பார்த்திருக்கிறேன். எந்தத் தெருவை வரையாமல் விட்டார்கள் என்று ஊர்க் கிழவிகள் சொல்லித் திருத்துவார்கள், ஊரைப் பற்றி அங்கேதான் நிஜமாகத் தெரியும். மருத்துவ மாணவர்களுக்கும் 2021-22 முதல் குடும்பத் தத்தெடுப்புத் திட்டம் வந்திருக்கிறது, ஒவ்வொருவரும் சில குடும்பங்களைப் படிப்புக் காலம் முழுக்கத் தொடர்ந்து பார்க்க வேண்டும். ஏட்டில் அருமை. நடப்பில் சில இடங்களில் பஸ்ஸில் வந்து இறங்கி, பிரஷர் பார்த்து, நோட்டில் எழுதி, மூன்று மணிக்கு ஏறிவிடுகிறார்கள். அடுத்த முறை வரும்போது போன தடவை பார்த்த ஆயாவின் பெயர் நினைவில் இருந்தாலே போதும், அந்த ஆயா கழனிக்குப் போகாமல் காத்திருக்கும். கஜா புயலுக்குப் பிறகு (2018 நவம்பர் 16) பல ஊர்க் கல்லூரிப் பிள்ளைகள் எங்கள் பக்கம் வந்து விழுந்த தென்னையை அறுத்து ஒதுக்கினார்கள், கரண்ட் இல்லாத ஊரில் சத்திரத்துத் திண்ணையில் படுத்தார்கள். அப்படி வந்த ஒரு கோஷ்டியில் சிலர் இன்றும் பேராவூரணிப் பக்கத்துக் காதுகுத்துக்கும் கல்யாணத்துக்கும் வந்து போகிறார்கள்.

உங்கள் பத்திரிகைக்கும் ஒரு வேண்டுகோள், கோபிக்கக் கூடாது. வேளாண் மாணவிகள் தென்னைக்கு வேர் மூலம் மருந்து கட்டுவதைச் செயல்விளக்கம் காட்டினார்கள் என்று எட்டுப் பேர் வரிசையாக நிற்கிற படம் அடிக்கடி வருகிறது. படத்தில் விவசாயி ஓரத்தில் பாதி வெட்டுப்பட்டு நிற்பார். அவர் அதற்கப்புறம் மருந்து கட்டினாரா, அந்தப் பிள்ளைகளைத் திரும்பக் கூப்பிட்டாரா என்று ஆறு மாதம் கழித்து ஒருமுறை போய்க் கேட்டு எழுதுங்களேன். அப்புறம் வருஷா வருஷம் நீங்கள் போடுகிற கல்லூரி வழிகாட்டி மலரில் கட்-ஆஃப், கட்டணம், வேலைவாய்ப்பு என்று பத்திப் பத்தியாக இருக்கிறது. அதோடு கடைசி பஸ் எத்தனை மணிக்கு, பெண்கள் விடுதி கேட் எத்தனை மணிக்கு, நூலகம் எத்தனை மணி வரை, ஆறு பேருக்கு ஒரு சீனியர் என்பது நடப்பில் உண்டா என்று நாலு தகவலையும் கேட்டுப் போடுங்கள். பெற்றவர்கள் கேட்டால் கல்லூரிகள் சாக்குச் சொல்லும், பத்திரிகை அச்சில் போட்டால் அடுத்த வருஷம் நேரம் மாறும்.

கடைசியாக ஒரு நடைமுறை விஷயம், இதைப் படிக்கிற வார்டன்கள் காதில் விழட்டும். ராஜராஜ சோழன் சதய விழாவுக்கோ வேளாங்கண்ணிக் கொடியேற்றத்துக்கோ உள்ளூர் விடுமுறை விட்டால் நம் பிள்ளைகள் வீட்டுக்கு வந்துவிடுகிறார்கள். தர்மபுரி, தென்காசி, வெளி மாநிலம் என்று தூரத்திலிருந்து வந்த பிள்ளைகள் ஒரு நாள் லீவுக்கு ஊருக்குப் போய் வர முடியாது, காலியான விடுதியில் கிடப்பார்கள், அன்றைக்கு மெஸ்ஸும் பாதிதான். போன தடவை மகள் தன் ரூம்மேட்டைக் கூட்டி வரக் கேட்டாள். அந்தப் பெண்ணின் அப்பா போனில் சம்மதம் சொன்னார், நான் பேசினேன், ஆனால் விடுதியில் "லோக்கல் கார்டியன் (உள்ளூர்ப் பொறுப்பாளர்) பட்டியலில் உங்கள் பெயர் இல்லை" என்று அனுப்பவில்லை. விதி சரிதான், அவர்களைக் குறை சொல்ல மாட்டேன். சேர்க்கையின்போதே படிவத்தில் இன்னும் இரண்டு வரி சேர்த்து, உடன் படிக்கும் உள்ளூர் மாணவர் வீட்டின் பெயரையும் பெற்றோர் எழுதிக் கொடுக்கலாம் என்று வைத்தால் வேலை முடிந்தது, வேண்டுமானால் பின்னால் சேர்க்கவும் ஒரு தேதி வையுங்கள். எங்கள் வீட்டு முகவரியைத் தர நான் தயார், எங்கள் தெருவில் கல்லூரியில் பிள்ளை படிக்கிற இன்னும் சில வீடுகளும் தயார், கேட்டுவிட்டுத்தான் எழுதுகிறேன்.

இப்படிக்கு,
ஓய்வு பெற்ற வேளாண் அலுவலர் ஒருவர்,
மன்னார்குடி வட்டம்